கால் நீட்டிய எழுத்துகள்

தலைமையிடத்தில் அமர்ந்து என் பேச்சுக்குப் பொறுமை காக்கும் கோவிந்தராஜன் அவர்களே, என்னோடு தாள் திருத்திக் கண் சிவந்த உலகநாதன் அவர்களே, ஏ.எஸ்.ராவ் நகர்ப் பெரியோர்களே, மெட்டுகுடாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

நம் மன்றத்தின் கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு பெற்ற தாளைச் சிவப்பு மையால் முதலில் அடித்தவள் நான்தான்!

ஏன் அடித்தேன்? எழுத்து கோடு தாண்டியிருந்தது. நான் கான்வென்டில் படித்தவள். வால் ஒரு நூல் இறங்கினால் சிஸ்டரின் ரூலர் விரல் முட்டியில் இறங்கும். இந்தத் தாளிலோ எழுத்தின் உடல் பொடிசு. ர-வின் காலும் ழ-வின் வாலும் நெடிது. அலட்சியம் என்றேன். மனம் கேட்காமல் ஸ்கேல் வைத்து அளந்தேன். உடல் ஒரு பங்கு, கால் இரண்டு பங்கு. முதல் வரியிலும் அதே அளவு, கடைசி வரியிலும் அதே அளவு! அலட்சியம் இப்படி அளவு தவறாமல் வருமா? உலகநாதன் சார், தலையை அப்புறம் ஆட்டுங்கள், நீங்களும்தான் அளந்தீர்கள்.

எழுதியவர் ரயில்வே பட்டறைக் குடும்பத்துத் தாயம்மாள். அழைத்துக் கேட்டேன்: "ஏம்மா, எழுத்துக்கு எதுக்கு இவ்வளவு நீளக் கால்?"

"கோட்டர்ஸ்ல எட்டுப் பேருங்கம்மா. யாரும் காலை நீட்டிப் படுக்க முடியாது. எழுத்தாவது நீட்டிக்கட்டுமேன்னு விட்டேன். உடம்பைச் சின்னதாக்கினா எடம் வருது. பத்து நோட்டு எழுதிப் பார்த்துத்தான் புடிச்சேன்."

"கோட்டுக்குள்ள மறுபடி எழுதிக் கொடேன். பரிசு உனக்குத்தான்."

"நக்கோம்மா, வேணாம். பரிசு வராட்டிப் போவுது."

தட்டுங்கள், நன்றாகவே தட்டுங்கள்! எனக்கோ என் பழைய கடிதம் ஒன்று நினைவுக்கு வந்தது.

பதினாறு ஆண்டுகளுக்கு முன், பயிற்சிக்காகப் பெங்களூர் போன என் கணவர் எழுதினார்: "உன் கடிதாசு ஆபீஸ் சர்க்குலர் மாதிரி இருக்கு. 'அன்புள்ள'ன்னு படிச்சதும் ரெபரன்ஸ் நம்பரைத் தேடறேன்." மூன்று நாள் பதில் போடவில்லை. நான்காம் நாள் எழுத்தின் உடலைக் குறுக்கினேன். மேல் வளைவை உயர்த்தினேன். எனக்கென்று ஒரு கையெழுத்து பிறந்தது. அவர் மட்டுமே படித்த கை. அவர் மறைந்தபின் ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கையில் ஓர் எழுத்தும் எழுதவில்லை.

அன்பர்களே, அளவு அறிந்தவர்தான் அளவை மாற்ற முடியும். மாற்றியதைக் கடைசி வரிவரை காப்பாற்ற வேண்டும். அப்படிக் காப்பாற்றிய எழுத்தைப் பிழை என்பதா? இல்லை, அதைத் தாயம்மாள் என்றே சொல்வேன்!

தாளில் நான் போட்ட சிவப்புக் கோட்டை அழிக்க முடியாது. ஆகவே சான்றிதழை இன்று காலை நானே எழுதினேன், அந்தப் பழைய கையில். பேனா சற்றுத் தயங்கியது. 'திருமதி' என்று தொடங்கியதும் தி-யின் வளைவு தானாக உயர்ந்தது.

தாயம்மாள் அவர்களே, மேடைக்கு வாருங்கள். உங்கள் பெயருக்குக் கீழே நான் கோடு போடவில்லை.

கேட்டிருந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, வணக்கம்.