அண்ணாந்து பார்த்த பாஞ்சாலை அம்மாவுக்கு

பீங்கானின் பேச்சறிந்த பெருமாட்டியே! சூளையிலிருந்து சூடாறி வந்த சாமான் ஒவ்வொன்றையும் சின்ன மரச்சுத்தியால் மெல்லத் தட்டி, "டங்" என்று மணியாக ஒலித்தால் மகிழ்ந்து, "டொக்" என்று மழுங்கி ஒலித்தால் மறுபேச்சின்றி உடைத்துப் போட்ட மனத்திண்மையே! கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும், விருத்தாசலம் தொழிற்பேட்டையில் சங்கு ஊதுமுன் சுத்தியோடு உட்கார்ந்திருக்கும் சுறுசுறுப்பே! எங்கள் சோதனைப் பிரிவின் தலைவியே, தாயே, சமயத்தில் தலைவலியே! வணக்கம்.

பணி ஓய்வு வாழ்த்து மடல் என்றால் முகத்துக்கு நேரே புகழ வேண்டும். அதுதான் முறை. ஆனால் அப்படிப் புகழ்ந்தால் நீங்கள் "போதும் போதும், வேலையப் பாருங்க" என்று எழுந்து போய்விடுவீர்கள் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். ஆகவே கொஞ்ச நேரம் உங்களை விட்டுவிட்டு, வேறு யாரோ ஒரு பாஞ்சாலை அம்மாவின் கதையை அவையோருக்குச் சொல்லப் போகிறோம். அந்த அம்மாள் பிற்பாடு எங்கள் பிரிவுப் பெண் துர்காவிடம் மனம்விட்டுச் சொன்னதும் இதில் உண்டு. பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

அந்தப் பாஞ்சாலை அம்மா மாடிப்படி ஏறமாட்டார். மேலாளரின் அறை மாடியில் இருக்கிறது. கையெழுத்து வேண்டுமானால் கீழே நின்றபடி, "ஐயா, கொஞ்சம் கீழ வந்துட்டுப் போங்க" என்று குரல் கொடுப்பார். மேலாளரும் மூச்சு வாங்க இறங்கி வருவார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, வந்து போன மேலாளர்கள் அத்தனை பேரும் இறங்கி வந்தார்கள். நாங்கள் அதைக் கெத்து என்று நினைத்தோம். எங்கள் அம்மாவின் கெத்தைப் பார் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டோம். அது கெத்து அல்லவாம், பயமாம். உயரம் என்றாலே அவருக்குச் சின்ன வயதிலிருந்து குலைநடுக்கமாம்.

பட்டணத்தில் புதிதாக விடப்போகும் இலகு ரயிலுக்கு, தலைக்கு மேலே ஓடும் மின்கம்பியை மின்சாரம் கசியாமல் தாங்கப் பீங்கான் இன்சுலேட்டர் வேண்டுமென்று கொள்முதல் அதிகாரி ஒருவர் நம் ஆலைக்கு வந்தார். சுட்டெடுத்த சாமான் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க ஊர்ல கொலு பொம்மைதானே செய்வாங்க? இது கரெண்ட் கம்பியாச்சே, தாங்குமா?" என்றார். பாஞ்சாலை அம்மா சுத்தியைக் கீழே வைத்தார். அவர் சுத்தியைக் கீழே வைத்தாரென்றால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று பொருள்.

"தாங்கலன்னா மொதல்ல எங்க தலமேல வுழட்டுங்க சார். வண்டி வுடுற அன்னிக்கே நானும் எங்க ஆளுங்களும் அதுல ஏறி வரோம். சத்தியமா சொல்றேன்."

அதிகாரி சிரித்துவிட்டார். "மொத நாளே வரணும். கடைசி ஸ்டேஷன்ல நின்னு பாத்துக்கிட்டிருப்பேன்" என்றார். ஆர்டர் வந்தது. அணைந்து கிடந்த இரண்டாம் சூளை மறுபடி எரிந்தது. அதன் பிறகுதான் துர்கா ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் போனை நீட்டி, "அம்மா, நம்ம ரயிலப் பாருங்க" என்று காட்டினாள். ரயில் என்றால் தரையில் ஓடும் என்பது விருத்தாசலம் ஜங்ஷனைப் பார்த்து வளர்ந்த அவர் கணக்கு. போனிலோ, பனைமர உயரத் தூண்களின் மேல், பஸ்ஸும் லாரியும் கீழே போக, அந்தரத்தில் அல்லவா தண்டவாளம் போட்டிருந்தார்கள்! பாஞ்சாலை அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

திறப்பு விழா தள்ளிப் போனது. மறுபடியும் தள்ளிப் போனது. பிரிவு முழுக்கப் புலம்பியது, அவர் ஒருத்தர் மட்டும் உள்ளுக்குள் மாரியாத்தாளுக்கு நன்றி சொன்னார். பணி ஓய்வு வந்துவிட்டால் தப்பித்தோம் என்றுகூட நினைத்தார். ஆத்தாள் ஏமாற்றிவிட்டாள். ஓய்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் தேதி அறிவித்துவிட்டார்கள். பெண்களெல்லாம் ஒரே நிறத்தில் புடவை எடுத்தாயிற்று, வேனும் பேசியாயிற்று. முட்டி வலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தும் சொல்லவில்லை. கொலு பொம்மை என்ற சொல் காதை விட்டுப் போகவில்லை.

பட்டணம் போய் இறங்கியபோது ரயில் நிலையம் பூவும் தோரணமுமாக இருந்தது. தானே நகரும் படியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். லிஃப்டையாவது ஒழுங்காக வைத்தார்களா, அதையும் கண்ணாடியிலேயே செய்து தொலைத்திருந்தார்கள்! துர்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சாதாரணப் படியில் ஏறினார்.

"கை ஏம்மா இப்படி ஜில்லுனு இருக்குது?"

"ஏசிடி."

"படிக்கட்டுல ஏதும்மா ஏசி?"

"வாய மூடிக்கிட்டு வா."

நடைமேடைக்கு வந்ததும், கீழே பார்க்கக் கூடாது என்று அண்ணாந்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது. கம்பம் கம்பமாக, கபில நிறத்தில் மெருகு பளபளக்க, நம் சாமான்! "டேய், பாருங்கடா!" என்று அவர் கத்த, பிரிவே அண்ணாந்தது. சூளைக்காரர் சாமிக்கண்ணு, "அந்த மூணாவது கம்பத்துல இருக்கறது என் சூளை. மெருகு கொஞ்சம் கருத்திருக்குது பாரு, தீ கூடின அன்னிக்கு வெந்தது" என்றார். "போங்கண்ணே, அது ரெண்டாம் சூளை" என்றாள் துர்கா. சண்டை சூடுபிடித்தது. மாலை போட்ட முதல் வண்டி வந்தது, கதவு திறந்தது, ஊரே ஏறியது, கதவு மூடியது, வண்டி போயே போய்விட்டது. விருத்தாசலத்துக்காரர்கள் மட்டும் கழுத்தை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தோம்.

காவலாளி வந்து, "ஏம்மா, நீங்கள்லாம் வண்டி பாக்க வந்தீங்களா, கம்பி பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். மானம் போயிற்று. அடுத்த வண்டிக்கு வரிசை வாசலைத் தாண்டி நின்றது. "வுடும்மா, சாமானைத்தான் பாத்தாச்சே, வூட்டுக்குப் போவலாம்" என்றார் சாமிக்கண்ணு.

அந்த நொடியில் பாஞ்சாலை அம்மாவின் மனம் துள்ளியது என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். அவரைத் தவிர யாருக்கும் தெரியாமல் தப்பிக்க அதைவிட நல்ல வழி கிடைக்காது. ஒருமுறை மேலே பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

"பாக்க வரேன்னு நான் சொல்லலடா. ஏறி வரேன்னு சொன்னேன். வரிசையில நில்லுங்க."

வழியெல்லாம் மேலே நம் சாமானையே பார்த்துக்கொண்டு போய்விடலாம், கீழே பார்க்கவே வேண்டாம் என்பது அவர் போட்டிருந்த திட்டம். ஏறிய பின்தான் ஒன்று விளங்கியது. ரயிலுக்குக் கூரை உண்டு! வண்டி நகர்ந்தது. கண்ணை இறுக மூடி, கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். அப்போதுதான் துர்காவுக்கு உண்மை உறைத்தது. "ஐயோ, பயமாம்மா? சொல்லியிருக்கலாம்ல? அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடலாம்" என்று பதறினாள்.

"பயந்தான். அதுக்காவ எறங்கிட முடியுமா? கடைசி ஸ்டேஷன்ல ஒருத்தரு நிக்கறாரு."

"அப்ப ஜன்னல் பக்கம் கண்ணத் தொறங்கம்மா. எதிர் தண்டவாளத்துக் கம்பத்துல நம்ம சாமான் தெரியுது."

ஒரு கண்ணைத் திறந்தார். எதிர்த் தடத்தின் கம்பங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றிலும் அவர் கையால் தேறிய சாமான். மறு கண்ணும் திறந்தது. சாமான் ஒன்று கடக்கும்போதெல்லாம் விரல் மோதிரத்தால் கைப்பிடிக் கம்பியில் ஒரு தட்டு தட்டினார். டங். டங். பக்கத்தில் இருந்தவர்கள் ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். சற்று நேரத்தில் கம்பங்களுக்கு நடுவே வெகு கீழே தெரிந்த வீதிகளையும் மொட்டைமாடித் துணிகளையும் பார்த்தார், தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

கடைசி நிலையத்தில் சொன்னபடியே அதிகாரி நின்றிருந்தார். "வந்துட்டீங்களே! தலமேல ஒண்ணும் வுழலயே?" என்றார். "எங்க ஊரு பொம்ம சார். ஒழுங்கா நிக்கும்" என்றார் பாஞ்சாலை அம்மா. அதிகாரி கைகூப்பினார், அவரும் கூப்பினார். கை அப்போதும் ஜில்லென்றுதான் இருந்தது.

மறுநாள் காலை மேலாளர் அறைக் கதவு தட்டப்பட்டது. திறந்தவர் மிரண்டுபோய், "என்னம்மா, சூளை ஏதாவது வெடிச்சிடுச்சா?" என்று கேட்டார். "கையெழுத்து வாங்க வந்தேங்க" என்றார், படியேறி வந்து நின்ற அந்த அம்மாள்.

அம்மா! கதை முடிந்தது. இனி உங்களோடுதான் பேச்சு. இந்த விழாவை மாடிக் கூடத்தில் வைத்ததற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். ஏறி வருவீர்கள் என்று நம்பித்தான் எழுதினோம். சொன்ன சொல்லுக்காகப் பயத்தையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பயணம் போன எங்கள் தலைவியே, நோய் அண்டாமல், நொடி தீண்டாமல், காதின் கூர்மையும் நாக்கின் கூர்மையும் மழுங்காமல், பேரன் பேத்திகளைத் தட்டித் தட்டிச் சரிபார்த்தபடி பல்லாண்டு நீங்கள் இருக்க வேண்டும்!

மடலைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடுப்பது ஊர் வழக்கம். நாம் பீங்கான்காரர்கள். இதைப் பீங்கான் பலகையில் எழுதி, மெருகேற்றி, இரண்டாம் சூளையில் சுட்டிருக்கிறோம். எழுத்து பொடியாக இருந்தால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாமல், நாங்களே தட்டிக் கேட்டு, தேறியது என்று முடிவு செய்த முதல் சாமான் இது. ஆகவே கையில் வாங்கியதும் நீங்கள் ஒரு தட்டு தட்டவேண்டும். மழுங்கி ஒலித்தால் இந்த மடல் செல்லாது. எங்களுக்கு வேலை தெரியவில்லை என்று ஆகிவிடும், நாளைக் காலை சங்கு ஊதுமுன் நீங்கள் சுத்தியோடு வந்து உட்கார வேண்டியதுதான். கீறல் இருக்கவேண்டும் என்று எங்களில் பாதிப்பேர் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருக்கிறோம்.

சுத்தி துர்காவிடம் இருக்கிறது. வாங்கித் தட்டுங்கள் அம்மா. நாங்கள் மூச்சுவிடாமல் கேட்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தட்டுக்குத் தேறிய
சோதனைப் பிரிவு, சூளைப் பிரிவுத் தொழிலாளர்கள்,
விருத்தாசலம்.