அசையாத ஆள்

தாராவியில் சும்மா இருக்கிற ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம், சாகேப். உங்கள் வீட்டிலும் தமிழ்தான் என்று ஸ்டேஷன் வாசலில் ஹவல்தார் சொன்னார், அதனால் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. நீங்கள் சாயாவைக் குடியுங்கள், ஆறிவிடும்.

என் பெயர் மாரிசெல்வம். வெளிநாட்டிலிருந்து படம் எடுக்க வருகிறவர்களுக்குச் சந்து காட்டுவதும், ஆட்களிடம் பேசிச் சம்மதம் வாங்கித் தருவதும் என் தொழில். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சாக்கடையையும் சின்னப் பிள்ளைகளையும் படம் பிடித்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு ஓடிவிடுவார்கள். விப்கே மேடம் அந்த ரகம் இல்லை. ஜெர்மனியில் அவர் பெரிய கலைஞர். மரப்பெட்டி மாதிரி ஒரு கேமரா, தலைக்கு மேல் கறுப்புத் துணி. ஷட்டரைத் திறந்துவிட்டு, ஒரு சாயா குடித்து முடிக்கிற நேரம் அப்படியே விட்டுவிடுவார். அந்த நேரத்தில் நடமாடுகிற யாரும் படத்தில் விழமாட்டார்கள். அசையாதவர் மட்டும்தான் தெரிவார். அவர் பேரெடுத்ததே அப்படி ஒரு படத்தால்தான். அவர் ஊர் ரயில் நிலையம், சாயங்காலக் கூட்டம் மொத்தமும் காணாமல் போய், பெஞ்சில் தூங்கின ஒரு குடிகாரன் மட்டும் மிச்சம். மியூசியத்தில் அது சுவர் அகலத்துக்குத் தொங்குகிறதாம்.

அதற்கப்புறம் எத்தனையோ வருடம் அது மாதிரி இன்னொன்று அமையவில்லை. அங்கே பத்திரிகைகளில் இளக்காரமாக எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இந்த முறையும் கிடைக்காவிட்டால் இனி கேமராவைத் தொடப்போவதில்லை என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, சாகேப். வருடா வருடம் அவருக்குப் பெட்டி தூக்கியவன் நான். "என் பாதிக் கண் நீதான்" என்று சொன்னவர். அப்படி ஒரு வார்த்தையை என்னிடம் வேறு யாரும் சொன்னதில்லை.

இட்லிக் கம்பெனியைக் காட்டியது நான்தான். அங்கே ஆட்கள் மாவாட்டுவதும் தட்டில் ஊற்றுவதும் அண்டாவைத் தூக்குவதுமாக ஓடிக்கொண்டே இருப்பார்கள். நடுவில் பூதத்தான் அண்ணாச்சி. வயசாளி, அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு உளுந்தில் கல் பொறுக்குவார். அவரைப் பார்த்ததும் மேடம் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அண்ணாச்சியிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம், மரியாதை. பொம்பளையாள் நின்றுகொண்டிருக்கத் தான் உட்கார்ந்திருக்க அவருக்கு உடம்பு ஒப்பாது. மேடம் ஷட்டரைத் திறந்ததும் பாதி எழுந்து கும்பிடுவார்.

"அண்ணாச்சி, உக்காரும். அசையப்படாதுன்னு எத்தன வாட்டி சொல்லுதேன்."

"அவுக அம்புட்டுத் தூரத்துலேர்ந்து வந்து நிக்காவ. நான் சம்மணம் போட்டு உக்காந்திருந்தா நல்லாவாடே இருக்கும்?"

மேடத்தை உட்காரச் சொல்லிப் பார்த்தேன். உட்கார்ந்தால் கேமரா எட்டவில்லை. தினம் இதே கூத்து. படத்தில் அண்ணாச்சி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகை. மேடம் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பத் துணிமணியை எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

எனக்குத் தூக்கம் வராத வியாதி உண்டு. மாத்திரை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அண்ணாச்சியின் சாயாவில் ஒன்றைப் பொடித்துப் போட்டேன். நன்றாகத்தான் தூங்கினார், ஆனால் தலை ஆடிக்கொண்டே இருந்தது. படத்தில் உடம்பு இருந்தது, முகம் இல்லை. முகம் இல்லாமல் அது என்ன படம்? அதனால் மறுநாள் கொஞ்சம் கூட்டினேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள், எண்ணிப் போடவில்லை. கசப்புத் தெரியக் கூடாது பாருங்கள், சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டேன். "உன் கைச் சாயான்னா சாயாதாம்டே" என்று சொல்லிக் குடித்தார்.

அன்றைக்கு மேடம் ஷட்டரை வழக்கத்தைவிட அதிக நேரம் திறந்து வைத்தார். பாதியில் நான் கவனித்தேன், அண்ணாச்சியின் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. படத்துக்கு நல்லதுதான் என்று தோன்றியது. அப்போது அவர் மகள் மாரீஸ்வரி சோற்றுத் தூக்கோடு வாசலில் வந்து நின்றாள். செம்பூரில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பிள்ளை. பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அண்ணே, அப்பாக்கு மூச்சு இல்லண்ணே. விடுங்கண்ணே."

"செத்த பொறு தாயி. மேடம் முடிச்சிரட்டும்."

அவள் தோளில் கை வைத்து நிறுத்தினேன். ஒரு தடவை முன்னால் போகப் பார்த்தாள். அப்புறம் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஷட்டர் மூடியதும் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தது நான். ஆஸ்பத்திரியில், ரொம்ப நாளாக நெஞ்சுவலி என்று சொன்னதும் நான். காரியத்தை முன்னின்று நடத்தினேன், சாம்பல் அள்ளக் காடாற்றுக்கும் போனேன். மேடத்துக்கு இது எதுவும் தெரியாது, அவரை இதில் இழுக்காதீர்கள்.

படம் ஜெர்மனியில் பெரிதாகப் பேசப்பட்டது. மேடம் பழையபடி மேடமாகிவிட்டார். நன்றி மறக்காதவர், ஆளுயரப் பிரதி ஒன்றை மாரீஸ்வரி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அதில் ஓடியாடின ஒருத்தரும் இல்லை. அண்ணாச்சி இருக்கிறார், இமை முடி முதற்கொண்டு தெளிவாக. வாசலில் அவள் இருக்கிறாள். அவள் பக்கத்தில் நான். நானும் அசையாமல் நின்றிருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். என் சட்டைப் பையில் மாத்திரை அட்டை நீட்டிக்கொண்டிருக்கிறது, பிதுக்கி எடுத்த காலிக் குழிகளோடு. மருந்துக் கடைப் பிள்ளை அதன் பெயரை வாசித்துவிட்டாள், படத்தையும் தூக்கிக்கொண்டு நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

நான்தான் கொடுத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். சாகட்டும் என்று கொடுக்கவில்லை, உட்கார்ந்திருக்கட்டும் என்று கொடுத்தேன். மூச்சு நின்றதைப் பார்த்தேன், ஷட்டர் திறந்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை. இதற்கெல்லாம் என்ன தண்டனையோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பிள்ளையைத் தடுத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். மேடம் அந்தப் படத்துக்குக் 'குடும்பம்' என்று பெயர் வைத்திருக்கிறார். அங்கே பார்க்கிறவர்கள் என்னை அண்ணாச்சியின் மூத்த மகன் என்றே நினைக்கிறார்களாம், தங்கையைத் தாங்கிப் பிடித்திருக்கிற அண்ணன் என்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பாருங்கள், சாகேப், அவள் தோளில் என் கை எவ்வளவு பதமாக இருக்கிறது. கொஞ்சம்கூட நடுங்கவில்லை.