யாரு அந்த நாம?

– வண்டிச் சாவியக் குடு கண்ணு. சேரெல்லாம் நானே ஏத்திக்கறேன்.

– பேடம்மா, வேண்டாம். தீர்மானம் ஆயித்து. கெம்பைய மாமா வீட்டுச் சாவுக்கு நாம யாரும் போறதில்ல.

– யாருடா நாம?

– நாம தாம்மா. உமேஷண்ணன், மனோஜ், நான், கட்சிப் பசங்க எல்லாரும்.

– அதுல நான் இருக்கறனா?

– நீ எப்படி இருப்ப?

– அப்பறம் எதுக்கு என்னையும் சேத்துக் கட்டற? நான் இல்லாத கூட்டத்துக்கு நாங்கன்னு சொல்லோணும். நாமன்னா கேக்கறவளும் உள்ள இருக்கோணும். மைசூர்ல பொறந்து வளந்த உன்ற வாயில இது மட்டும் நொழையவே மாட்டேங்குது ஹேமந்து.

– கன்னடத்துல ரெண்டுக்கும் ஒரே 'நாவு' தானே. சும்னே அதையே புடிச்சுக்காதம்மா. நான் சொன்னது உனக்குப் புரிஞ்சுதல்ல, அது போதும்.

– எனக்கு ஒண்ணும் புரியல. ஒரு மனுசன் செத்து ஐஸ் பெட்டிக்குள்ள கெடக்கறாரு. வாசல்ல அவரு மவ தீபா ஒருத்தி தான் நிக்கறா. வந்தவங்க உக்கார சேர் இல்ல, வெயிலுக்கு மறைப்பு இல்ல. ஷாமியானாக் கடைக்காரி நான் மூணாவது வீட்டுல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறேன். இதுல என்ற மண்டைக்கு என்ன புரியோணும்?

– மாமா என்ன பேசுனாருன்னு மறந்துட்டியா? எலெக்ஷன் அன்னிக்கு அந்தப் பக்கத்துக்காக பூத்துல உக்காந்தாரு. டீக்கடையில எல்லார் முன்னாடியும் நம்ம தலைவரத் திருடன்னாரு.

– நீங்க அவர என்ன சொன்னீங்க?

– அதெல்லாம் எதுக்கும்மா இப்ப?

– சொல்லு. குரூப்புல எழுதத் தெரிஞ்சுதல்ல, வாயில வராதா?

– துரோகின்னோம்.

– பொணத்துக்கு ஓட்டு இல்ல கண்ணு. இனி அவரு எந்தப் பக்கமும் இல்ல.

– அவங்க மட்டும் யோக்கியமா? மனோஜ் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க ஒருத்தர் கூட வரல. ஆக்குன சோத்த மாட்டுக்குக் கொட்டினோம்.

– கெம்பையண்ணன் வந்தாரு. பந்தியில உக்காந்து பாயசத்த ரெண்டு தரம் கேட்டு வாங்கிக் குடிச்சாரு. நீங்க தான் அவரு பக்கத்து எலையில உக்காரல. நான் பாத்துக்கிட்டுத் தான் இருந்தேன். வயிறெரிஞ்சுது எனக்கு.

– உனக்கு வெளி நெலவரம் தெரியாதும்மா.

– எனக்கா தெரியாது? காலையில அவனுக கூட்டத்துக்குப் போன சேரு தான் சாயங்காலம் உங்க கூட்டத்துக்கு வருது. தொடைக்கக் கூட நேரம் இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே அழுக்கு மேல தாண்டா உக்காந்து கை தட்டறீங்க.

– உமேஷண்ணன் சொன்னா சொன்னது தான். அவரு குடுக்கற மீட்டிங் பந்தல வெச்சுத் தானே நாம பொழைக்கறோம்? இன்னிக்கு நீ அங்க ஒரு சேர் போட்டா, நாளைக்கு நம்ம கடைக்கு ஒரு ஆர்டர் வராது. என்னையும் தள்ளி வெச்சுருவாங்க.

– நம்ம கடைன்னியே, அது சரி. அதுல நானும் இருக்கறேன். ஆர்டர் போனாப் போய்த் தொலையட்டும். காவேரி கலாட்டா அன்னிக்கு இந்தக் கடைக்குத் தீ வெக்க வந்தானுக. கெம்பையண்ணன் தான் வீதியில இருந்த கன்னடக்காரங்களையும் கூட்டியாந்து வாசல மறிச்சு நின்னாரு. நாம எந்தக் கட்சின்னு ஒருத்தரும் கேக்கல. அன்னிக்கு எல்லாம் எரிஞ்சிருந்தா உன்ற தலைவன எதுலடா உக்கார வெச்சிருப்ப?

– இரும்மா, போன் அடிக்குது. உமேஷண்ணன் தான்.

– எடு. ஸ்பீக்கர்ல போடு. அவன் வாயில அது எப்படி வருதுன்னு நானும் கேக்கறேன்.

– ஹலோ, ஹேமந்த். உங்க வண்டி வெளிய நிக்குதாம்? சேர் ஏத்தறீங்களாம்?

– இன்னும் ஏத்தலண்ணா.

– ஏத்த பேடா. நல்லதோ கெட்டதோ, அந்த வீட்டுப் படிய நாம மிதிக்கறதில்லன்னு பேசியாச்சு. மீறுன வீட்டயும் ஒதுக்கி வெச்சுருவோம். கொத்தாயித்தா, புரிஞ்சுதா?

– உமேசு, நான் வடிவு பேசறேன்.

– அத்தை, நீங்க இதுல வராதீங்க. இது பாலிடிக்ஸ்.

– என்ற சேரு, என்ற வண்டி, என்ற மவன். நான் வராம வேற எவ வருவா? அந்த வீடு அந்த வீடுங்கறயே, அது யாரு வீடுன்னு உன்ற வாயால ஒருக்காச் சொல்லு.

– ஹேமந்த், ஸ்பீக்கர ஆஃப் பண்ணு. உங்கம்மாவுக்கு நீ எடுத்துச் சொல்லு. நாம யாரும் போறதில்ல, அவ்வளவு தான்.

– உமேஷண்ணா.

– சொல்லு.

– நாங்க போறோம்.

– யாருப்பா நாங்க?

– நானும் எங்கம்மாவும். அதுல நீங்க இல்ல.

– உனக்குத் தலை கெட்டுப் போச்சா? நாளையிலிருந்து இந்த வீதியில ஒருத்தன் உங்க கூடப் பேச மாட்டான்.

– பேச வேண்டாம்ண்ணா. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருவோம். வந்து உங்கப்பாவுக்குக் கொள்ளி வெச்சுட்டு, அப்பறம் எங்கள ஒதுக்கி வைங்க.