செருப்பைக் கழற்றாத பிள்ளை

ஓடுகிறோம். கடற்கரை மணல். கால் புதைகிறது. 2009, பங்குனி மாதம். நல்ல வெயில்.

தூரத்தில் ஒரு "டொப்". அது செல், பீரங்கிக் குண்டு, கிளம்பும் சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கூவிக்கொண்டு வருகிறது. கூவல் சட்டென்று நின்றால் நமக்குத்தான்.

"படுங்க! எல்லாரும் கீழ படுங்க!"

அப்பாவின் குரல். படுத்தோம். வாயெல்லாம் மண். எழுந்து பார்த்தேன். அப்பா எழவில்லை. தம்பி அவருக்கு அடியில் கிடந்தான். அவனும் எழவில்லை. என் ஒரு காலில் செருப்பைக் காணோம். குனிந்து தேடினேன். அக்கா என் முடியைப் பிடித்து இழுத்தாள்.

"தேடாத! ஓடு!"

தகரத்தின் மேல் ஓடினேன். முள்ளுக்கம்பியின் மேல் ஓடினேன். அம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அது வன்னி. ஆனால் நாங்கள் வன்னி ஆட்கள் இல்லை. தாத்தா கொட்டகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றவர். கலவரத்தில் லயத்துக்கு, எங்கள் வரிசை வீடுகளுக்கு, தீ வைத்தார்கள். எங்கள் ஆட்கள் பயந்து வன்னிக்குப் போனார்கள். அங்கே செல் விழுந்தது. பயந்து தோட்டத்துக்கே வந்தோம். எங்கள் குடும்பத்துக்கு இடம் பார்க்கத் தெரியாது.

வரும் வழியில்தான் அக்கா போனாள். அவளை முன்பு இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தது. ஒரே மாதத்தில் ஓடி வந்துவிட்டாள். துப்பாக்கியைச் சரியாகத் தூக்கக்கூடத் தெரியாது. இராணுவம் எங்களை நிறுத்திய இடத்தில் ஒலிபெருக்கி கத்தியது. தமிழில்தான். ஒரு நாள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் வந்து சொல்லுங்கள், ஒன்றும் செய்யமாட்டோம், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம். அக்கா எழுந்தாள். "சொல்லிட்டு வந்திடுறேன்மா" என்றாள். பஸ்ஸில் ஏற்றினார்கள். பச்சை நிற பஸ். இன்னும் வரவில்லை.

அன்றிலிருந்து யாராவது "சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது" என்றால் என் கண் வாசலைத் தேடும்.

மாமா எங்களைத் தோட்டத்து லயத்தில் வைத்துக்கொண்டார். அம்மா ஒரே ஒரு சட்டம் போட்டாள். வன்னி என்று வாய் திறக்கக் கூடாது, இயக்கத்து ஆள் என்பார்கள். கேட்டால் வவுனியா டவுன். நான் அப்படியே வளர்ந்தேன். படித்தேன். தோட்டப் பாடசாலையில் ஆசிரியை ஆனேன். எல்லோருக்கும் நான் ராஜி டீச்சர். வவுனியா ராஜி டீச்சர்.

பிறகு மலை சரிந்தது.

எங்கள் பாடசாலைக்கு மேலே இருந்த லயம். விடியும் நேரம். நாட்கணக்கில் மழை. முதலில் மரம் முறியும் சத்தம். பிறகு லாரி லாரியாகக் கல் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம். பிறகு அமைதி. அந்த அமைதி எனக்குப் பழக்கமானது. அதுதான் என்னை நடுங்க வைத்தது.

அந்த லயத்தில் இருந்து வந்தவள் கோகிலா. நாலாம் வகுப்பு. அப்பா, அம்மா, கைக்குழந்தை மூவரும் மண்ணுக்குள். சித்தப்பா வீட்டில் இருந்தாள்.

எங்கள் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு ஒரு வழக்கம். செருப்பை வாசலில் வரிசையாக விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். லயத்திலும் அப்படித்தான். கோகிலா கழற்றமாட்டாள். புத்தகப் பையையும் முதுகிலிருந்து இறக்கமாட்டாள். மலைப்பக்கச் சுவரோரம் உட்காரமாட்டாள். அவளுடைய வகுப்பாசிரியை வசந்தா டீச்சர் கெஞ்சினார். அதட்டினார். ஒரு நாள் மழையில் வெளியே நிற்க வைத்தார். பிள்ளை நின்றாள். செருப்போடு நின்றாள்.

அந்த நேரத்தில்தான் பயிற்சி வந்தது. கொட்டகலை பஜாருக்கு மேலே ஒரு மண்டபம். மனக்காயப்பட்ட பிள்ளைகளுக்குத் துணை நிற்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி. நான் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் அம்மா நல்ல தமிழ் பேசினார். எனக்கு அதுவே சந்தேகம். ஒலிபெருக்கியும் நல்ல தமிழ்தான் பேசியது.

"கண்ண மூடிக்கங்க. பாதுகாப்பான ஒரு இடத்த நெனச்சுக்கங்க. பச்சப் பசேல்னு ஒரு மலை..."

மலை! மண்டபத்தில் பாதிப் பேர் மண் தோண்டிப் பிணம் எடுத்தவர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. நான் கண்ணை மூடவில்லை. எத்தனை கதவு, எது பூட்டியிருக்கிறது, மேசைமேல் கிடக்கும் போன்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் சொன்னார். "மனசுல இருக்கிறதச் சொல்லுங்க. இங்க பேசுறது இந்த அறைய விட்டு வெளிய போகாது."

நான் வாயை இறுக்கிக்கொண்டேன்.

வசந்தா டீச்சர் எழுந்தார். கோகிலாவைப் பற்றிச் சொன்னார். செருப்பு, பை, சுவர், எல்லாம். கடைசியில் சொன்னதுதான் எனக்குப் புதிது.

"எங்களால முடியலைங்க மேடம். கீழ்நாட்டுல ஒரு விடுதி இருக்காம். சித்தப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு. திங்கக்கிழம வேன் வருது."

பயிற்றுநர் தலையை ஆட்டினார். சில பிள்ளைகள் பெரியவர்களை எதிர்த்துத்தான் துக்கத்தைக் காட்டும், இடம் மாறினால் சில நேரம் நல்லது என்றார். பிறகு எங்களைப் பார்த்தார். "மத்தவங்க என்ன நெனைக்கிறீங்க?"

வேன். அந்த வார்த்தை எனக்குள் பச்சை பஸ்ஸாக நின்றது. கோகிலா ஏறுவாள். சொன்ன பேச்சைக் கேட்டு ஏறுவாள்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

"அவ எதிர்க்கலைங்க. அடங்காப்பிடாரியும் இல்ல. ஓடுறதுக்குத் தயாரா இருக்கா. அவ்வளவுதான்."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" வசந்தா டீச்சர் கேட்டார். குத்தலாக இல்லை. உண்மையாகவே கேட்டார்.

கோகிலா ஒரு நாள் பள்ளி விட்டுப் போகும்போது என்னிடம் சொல்லியிருந்தாள். மலை சரிந்த அன்று எல்லோரும் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். வழியெல்லாம் கல். அவள் வெறுங்காலோடு நின்றாள். "அம்மா தம்பியத் தூக்கிக்கிட்டே என் செருப்ப எடுக்க உள்ள போனாங்க டீச்சர். அப்பா கூப்புடப் போனாரு." நான் மேலே கேட்கவில்லை. மண்டபத்தில் அதைச் சொன்னேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பயிற்றுநர் மெதுவாகக் கேட்டார். விடுதியில் செருப்போடு இருக்க விட்டால் போதாதா?

போதாது. ஏன் போதாது என்று சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. மணலைச் சொன்னேன். அப்பாவை, தம்பியைச் சொன்னேன். இழந்த பிறகும் என்னைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்றுதான் என்றேன். அம்மாவின் சேலை முந்தானை. அதே மணம். அதே ஆட்கள். அதே பேச்சு. அதையும் பிடுங்கினால் பிள்ளை ஓடிக்கொண்டே இருப்பாள், போய்ச் சேர இடம் இருக்காது. அக்காவையும் சொல்லிவிட்டேன். பெயரோடு.

வசந்தா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "மழையில நிக்க வச்சேனே" என்றார். பயிற்றுநர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். "மலைய நெனைக்கச் சொன்னது என் தப்பு" என்றார். அவரைப் பற்றி நான் நினைத்தது பிழை. ஆனால் நான் எதைச் சந்தேகப்பட்டேனோ அது பிழை இல்லை.

திங்கட்கிழமை வேன் காலியாகத் திரும்பியது. வசந்தா டீச்சரும் நானும் முதல் நாளே சித்தப்பா வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டோம். "நானும் பயந்துதாங்க கையெழுத்துப் போட்டேன், பிள்ள தூக்கத்துல எந்திரிச்சு ஓடுது" என்றார் அவர். நாலாம் வகுப்பில் இப்போது எல்லோருமே செருப்போடு உட்காருகிறார்கள். பள்ளி அதிபர் முதலில் முகம் சுளித்தார். பிறகு தரையைக் கூட்ட இன்னொரு விளக்குமாறு வாங்கித் தந்தார்.

அந்த வாரமே என் பேச்சு போன்களில் ஓடியது. யாரோ பதிவு செய்திருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. இடைவேளையில் எனக்குத் தேநீர் கொடுத்த கைகளில் ஒன்று. இப்போது யார் தேநீர் கொடுத்தாலும் முதலில் கையைப் பார்க்கிறேன்.

பிறகு இரண்டு பேர் வந்தார்கள். சீருடை இல்லை. முடி மட்டும் சீருடைக்காரர் முடி. வகுப்பு வாசலில் நின்று சிங்களத்தில் சிரித்தபடி பேசினார்கள்.

"மிஸ், பொட்டக் கதாகரண்ட ஓன."

கொஞ்சம் பேச வேண்டுமாம். அக்கா எங்கே என்று கேட்டார்கள். என்னிடம்! கொண்டுபோனவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து வசந்தா டீச்சர் சாக்கட்டியோடு வந்து என்னோடு ஒட்டி நின்றார். அவருக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். பாடம் நடக்கிறது, அதிபர் அறையில் பேசுங்கள், நானும் உட்காருவேன் என்றார். உட்கார்ந்தார். கடைசிவரை உட்கார்ந்தார். அவர்கள் போய்விட்டார்கள். மறுபடி வருவார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அக்கா பேரையும் சொல்லிட்டியா?"

ஆமாம் என்றேன். அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மறக்கக் கூடாது என்பதற்காக இழந்த கணக்கை எழுதுகிறேன். என் பக்கத்தில் அப்பா. தம்பி. இருவரையும் புதைக்க நேரமில்லை. அக்காவை அம்மா இந்தக் கணக்கில் சேர்க்க விடமாட்டாள். வன்னியில் ஒரு வீடு, ஒரு கிணறு, கன்று ஈனவிருந்த ஒரு மாடு. கொட்டகலையில் இத்தனை வருடம் காப்பாற்றி வைத்திருந்த வவுனியா ராஜி டீச்சர். அவளும் போய்விட்டாள். கோகிலாவின் பக்கத்தில் அப்பா, அம்மா, இன்னும் பெயர் வைக்காத ஒரு தம்பி. லயத்தின் ஆறு வீடுகள்.

கோகிலா இந்தக் கணக்கில் இல்லை. அவள் நாலாம் வகுப்பில் இருக்கிறாள்.