கம்பிப் பாதையில் பின்னால் வந்தவர்

சாயங்காலம் ஆறு மணி. ஆனைமலைக் காட்டோரத்து மண்சாலை. இருட்டினால் அதில் ஒரு வண்டியும் வராது... கிட்ட வந்து உட்காருங்கள். இது என் சிநேகிதன் பீர் முகம்மதுவின் மச்சான் ஷாஹுலுக்கு நடந்தது.

சாலை முடிகிற இடத்தில் செங்குத்தாக ஒரு பாறை. அதில் இரும்புப் படிகள் அடித்து, உச்சிவரை எஃகுக் கம்பிவடம் இழுத்துக் கட்டியிருந்தார்கள். இடுப்புக் கொக்கியை வடத்தில் மாட்டி, ஒவ்வொரு முளையிலும் கழற்றி மாட்டிக்கொண்டே ஏற வேண்டும். ஷாஹுல் அங்கே வழிகாட்டி.

அன்று வந்த கூட்டம் கிளம்பியாயிற்று. மழைக்கு முன் படிகளைச் சரிபார்க்க அவன் தனியாக ஏறினான். கூட வேலை செய்கிற பொற்கொடி கீழே வாக்கிடாக்கியோடு நின்றாள்.

பாதி உயரத்தில் பனி வந்து மூடியது. தன் கால்கூடத் தெரியவில்லை.

டிக்.

கொக்கி மாட்டுகிற சத்தம். அவனுடையது அல்ல... கீழேயிருந்து.

டிக்... டிக். வடம் அதிர்ந்தது. ஈர இரும்பின் வாடையோடு, வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையின் வாடை.

"ஏனுங்க..." ஆண் குரல். மூச்சு வாங்கியது. "கொஞ்சம் கை குடுங்க. கால் வழுக்குதுங்க."

ஷாஹுல் ஏறுவதை நிறுத்தினான். கூட்டத்தில் யாராவது தங்கிவிட்டார்களோ? விழுந்துவிட்டால்? குனிந்து வலது கையை நீட்டினான். பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்து பிடித்தது. சில்லென்று... ஆனால் கனமே இல்லை.

தோளில் வாக்கிடாக்கி கரகரத்தது. "அண்ணா, சீக்கிரம் வாங்க. எல்லாரும் வேன்ல போயிட்டாங்க. பாறைல நீங்க ஒருத்தர்தானுங்க."

ஷாஹுல் விரல்களை விரித்தான்.

அந்தக் கை விடவில்லை.

உதறினான். வாய்க்குள் காவலுக்கான ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டே, இடது கையாலேயே கொக்கியைக் கழற்றி மாட்டி ஏறினான். பின்னாலேயே டிக்... டிக்...

உச்சியில் வந்து விழுந்தபோது சத்தம் நின்றது. கையில் ஒன்றுமில்லை. அவன் பதில் தராததால் பாறையின் பின்பக்க நடைபாதையில் ஓடிவந்த பொற்கொடி டார்ச் அடித்துப் பார்த்தாள். வடம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"யாருங்கண்ணா?"

"தெரியல அம்மணி... போயிறலாம்."

அதோடு வேலையை விட்டான். இப்போது பெருந்துறையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான்.

போன மாதம் மகள் இஃப்ராவைக் கடைக்குக் கூட்டிப் போனான். நாலு வயசு. சாலையைக் கடக்க வலது கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை. சுற்றிவந்து இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் கண்ணு?"

"அந்தக் கைய அவங்க புடிச்சிருக்காங்க, அத்தா."