சும்மா சொன்னது

மலைச் சைக்கிள் பந்தயத்தில் முதலில் வலிப்பது கால் என்று நினைப்பீர்கள். இல்லை, உட்காருகிற இடம். இதை எந்தப் பயிற்சியாளரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அவர்களுக்கும் ஆள் சேர வேண்டாமா?

சைக்கிள் சங்கச் செயலாளர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். என் கணவர் விழுந்த அந்த வளைவில் அவர் பெயரில் ஓர் எச்சரிக்கைப் பலகை வைக்கிறார்களாம். "திறக்கிற அன்னிக்கு வாசிக்க அவரைப் பத்தி ஏதாவது எழுதிக் குடுங்கம்மா. எவ்வளவு தமாஷான மனுஷன்!" என்றார். தமாஷான மனிதர்தான். அதை மறுக்க மாட்டேன்.

அவர் தரைக்கு ஓடு விற்கிற கடை வைத்திருந்தார். நான் காது பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நோயாளி உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கமிருந்து நான் ஒலிவாங்கியில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்வேன். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசுவது அந்த வேலையில் வந்த பழக்கம். "எங்க வீட்டு ஆமைக்குப் பேச்சும் மெதுவாத்தான் வரும்" என்று என் கணவர் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். ஆமை என்பது நான். நான் முகம் சுளித்தால் உடனே, "ஏய், சும்மா சொன்னேன்டி" என்பார். அந்தச் சொல் வந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால், விளையாட்டுத் தெரியாதவள்.

ஒரு முறை நிலையத்துக்குப் போன் செய்து, என் அம்மா மாடிப்படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னார். செருப்பை மாட்டக்கூடத் தோன்றாமல் ஓடினேன். வாசலில் காரோடு நின்றிருந்தார். "சும்மாடி. சினிமாவுக்கு டிக்கெட் எடுத்துட்டேன். நீ ஆமை மாதிரி கிளம்புவியே, அதுக்குத்தான்." படம் நன்றாகத்தான் இருந்தது. நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

பந்தயத்துக்குப் பெயர் கொடுத்ததும் அவர்தான். ஜோடிப் பிரிவு. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை காட்டு மலைப்பாதையில் ஓட்ட வேண்டும், இருவரும் சேர்ந்தே முடிக்க வேண்டும். இரண்டாவது ஏற்றத்திலேயே நான் உட்கார்ந்துவிடுவேன், வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கலாம் என்பது அவர் கணக்கு. முதலில் மேம்பாலம் ஏறவே எனக்கு மூச்சு வாங்கியது. பிறகு பிடித்துப்போயிற்று. முடித்துக் காட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. எனக்கென்று வந்த ஆசைகள் குறைவு. அதனால் இதைக் குறிப்பிடுகிறேன்.

பயிற்சியில்தான் ஒரு சிக்கல் தெரிந்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி தடிமன். வியர்வையில் மங்கிவிடும், வெயிலிலிருந்து மரநிழலுக்குள் நுழைந்தால் அவருக்குப் பாதையே தெரியாது. ஆகவே இறக்கங்களில் நான் முன்னால் போய்க் குரல் கொடுப்பது என்று முடிவானது. ஆபத்து என்றால் "பிடி". பாதை சீராக இருந்தால் "விடு". இது அவர் யோசனை. எனக்குச் சரிப்படவில்லை. பிடி, விடு இரண்டும் சின்னச் சொற்கள், காற்றில் பாதி கரைந்தால் மீதி ஒன்றுபோலவே கேட்கும். என் நோயாளிகள் தடுமாறுவதே இப்படிப்பட்ட சொற்களில்தான். அதனால் "விடு"வை எடுத்துவிட்டு "சும்மா" என்று வைத்தேன். சும்மா வாங்க, பிரேக்கைத் தொடாதீங்க என்று அர்த்தம். எவ்வளவு இரைச்சலிலும் அவர் காதுக்குப் பழகிய சொல். பயிற்சியில் ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

பந்தயத்தன்று நான் இரண்டாவது ஏற்றத்தில் உட்காரவில்லை. மூன்றாவதிலும் இல்லை. அவருக்குத்தான் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். நான் மேலே காத்து நின்றேன். மற்றவர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். வழியில் பந்தயக்காரர்களுக்குப் போட்டிருந்த உணவு மேசைக்கு வந்ததும் அங்கிருந்த பெண்ணிடம், "இவங்களை வண்டில ஏத்திடுங்கம்மா. ஆமைக்கு முடியல, என்கிட்ட அழுதுட்டா" என்றார். அவள் நம்பிவிட்டாள். பாவம், பந்தயத்திலிருந்து விலகுகிறவர்களுக்குச் செய்வதுபோல, கத்தரியை எடுத்து என் கைப்பிடியில் கட்டியிருந்த எண் அட்டையை வெட்டி எடுத்தாள். சுற்றி நின்றவர்கள் எனக்காகக் கை தட்டினார்கள்.

"ஐயோ, சும்மா சொன்னேன்மா! திருப்பிக் குடுத்துடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அட்டையைச் சணல் கயிற்றால் கட்டிக் கொடுத்தாள். "முகத்தைப் பாரு! அம்மா விழுந்துட்டாங்கன்னு சொன்னேனே, அன்னிக்கு ஓடி வந்தியே, அதே முகம்" என்றார் அவர்.

அடுத்தது அந்த இறக்கம். வளைவைத் தாண்டினால் பாதை பிளந்து ஒரு வறண்ட ஓடை, அதில் பாறைகள். நான் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓரமாகக் கடந்தேன். அந்தக் கரையில் நின்று தண்ணீர் குடித்தேன். அவருடைய டயர் சத்தம் மேலே கேட்டது.

"என்னடி, எப்படி?" என்று கத்தினார்.

"சும்மா" என்றேன்.

கத்தவில்லை. வேலையில் பேசுகிற குரல்தான். அவருக்குத் தெளிவாகக் கேட்டது. நன்றாக வேகம் எடுத்துத்தான் வந்தார்.

கீழே கிடந்தபடி, "ஏய், எந்திரிக்க முடியலடி. கால் மரத்துப்போச்சு. நிஜமாத்தான்" என்றார்.

"சும்மா சொல்றீங்க" என்றேன்.

வேறென்ன சொல்வது? இத்தனை வருஷத்தில் எது நிஜம் என்று கண்டுபிடிக்க அவர் எனக்குச் சொல்லித்தரவில்லையே.

கடைசிச் சோதனை இடத்தில், "ஜோடி எங்கேம்மா?" என்று கேட்டார்கள். "மெதுவா வர்றார்" என்றேன். "இன்னிக்கு ஆமை ஜெயிச்சிடுச்சு போலிருக்கே!" என்று ஒருவர் சொன்னார். அவர் எங்கள் கடையில் ஓடு வாங்கியவர். எல்லைக்கோட்டில் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. எண் அட்டை கோணலாகத் தொங்குகிறது. நான் அழகாகச் சிரிக்கிறேன். ஜோடியாக முடிக்காததால் கணக்கில் வராது என்றார்கள். பரவாயில்லை.

பந்தயத்தின் வாலில், விட்டுப்போனவர்களைத் திரட்டிக்கொண்டு வருகிறவர் அவரைக் கண்டுபிடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சீக்கிரம் தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னார். அவருடைய கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லையாம். விசாரணையில், "நான் பிடி என்றுதான் சொன்னேன், அவருக்கு வேறு மாதிரி கேட்டிருக்கும்" என்றேன். அன்று காற்று அதிகம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். செயலாளர் என் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார்.

"பிடி"யை எந்தக் காதும் "சும்மா" என்று கேட்காது. அப்படிக் கேட்கக் கூடாது என்றுதான் நான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே பலகையில் வளைவின் மேல் பழி போட வேண்டாம். அது நல்ல வளைவு.

இதை வாசித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் விளையாட்டுத் தெரியாதவள் என்று மட்டும் இனி யாரும் சொல்லக் கூடாது. அவர் உயிரோடு இருந்திருந்தால், இதற்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்திருப்பார்.