மெஷின் மூடிக்கு ஒரு சொல்

"ஏனுங்க, உங்க விரல் போன அன்னிக்கு, அந்த மெஷின் மூடி மேல என்னன்னு எழுதியிருந்துச்சுங்க?"

உடுமலைப்பேட்டை பேருந்தில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் கணவரிடம் கேட்டார். மடியில் லேப்டாப்பை வைத்து, ஜெர்மன் மெஷின் கையேடு ஒன்றை இங்கிலீஷில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

"கவருன்னு. எதுக்கு அம்மணி?"

"இந்த ஜெர்மன் வார்த்தைக்குக் கவருன்னும் போடலாம், கை உள்ள போகாமத் தடுக்குற சேஃப்டி கார்டுன்னும் போடலாமுங்க."

"கவருன்னு போடாத. தூசிக்கு மூடி வெச்சிருக்காங்கன்னு நெனச்சுக் கழட்டிப்போடுவாங்க. நானும் அப்படித்தான் கழட்டுனேன்."

அந்தப் பெண்ணின் கை கீபோர்டிலேயே நின்றது. "போன மாசம் கம்பெனிக்கு அனுப்புன கையேட்டுல கவருன்னே போட்டுட்டேனுங்க."

கணவர் விரல் குறைந்த கையால் தன் போனை எடுத்து நீட்டினார்.

"இப்பவே கூப்பிட்டுச் சொல்லிரு கண்ணு. மாத்த மாட்டேன்னாங்கன்னா எங்கிட்டக் குடு."